வீட்டில் ஒரு பிள்ளைக்கு வீசிங் என்றால் எத்தனை பேர் ஊதிப் பார்க்க வேண்டும், தெரியுமா?

மைசூரின் மண்டி மொஹல்லா என்றதும் மூட்டை, வண்டி, மொத்த வியாபாரக் கடை என்றுதான் மனசில் ஓடும். அந்த மொஹல்லாவில் உள்ள ஒரு பழைய ஆஸ்பத்திரியின் பிரசவப் பேரேடு, மனித நுரையீரலைப் பற்றி உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது தெரியுமா?

சி.எஸ்.ஐ. ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரி என்பது முழுப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த குழந்தைகளின் எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, தலைச்சுற்றளவு எவ்வளவு என்று 1934 முதலே எழுதி வைத்தார்கள். மகாராஜா ஆட்சிக் காலம் அது. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இப்படி எழுதியிருப்பார்கள். அதெல்லாம் கரையானுக்குப் போயிருக்கும், பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். இங்கே போகவில்லை!

1990-களில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வாளர்களும் மைசூர் மருத்துவர்களும் சேர்ந்து அந்தப் பேரேடுகளைத் திறந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பேரேட்டில் பவுண்டு கணக்கில் இருந்த குழந்தைகள் இப்போது நடுவயதுக்காரர்கள். 38 முதல் 59 வயது வரையிலான 286 பேர், மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் மூச்சைப் பிடித்து ஊதினார்கள். விடை 1997-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியானது. பிறந்தபோது எடை குறைந்திருந்தவர்களுக்கு, நடுவயதில் ஊதும்போதும் மூச்சின் அளவு குறைந்தே இருந்தது! வயதையும் உயரத்தையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் அதே முடிவுதான்.

பிறந்த அன்று தராசு காட்டிய எண்ணுக்கும், ஐம்பது வயதில் மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சுக்கும் தொடர்பு இருக்கிறது! இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த ஆண்களை வைத்து டேவிட் பார்க்கர் குழு 1991-ல் இதையே சொல்லியிருந்தது. வெள்ளைக்காரர்களின் குளிர் நாட்டுக்கு மட்டும் உரிய விஷயமோ என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் செய்தது நம் பக்கத்து மைசூர்.

ஏன் இப்படி? நம் மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, அது நாலாகி, எட்டாகி, இருபது தடவைக்கும் மேலே கிளைத்துக்கொண்டே போகிறது. இந்தக் கிளைகள் எல்லாம் எப்போது பிரிந்து முடிகின்றன தெரியுமா? குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும் 16, 17-ஆம் வாரத்துக்குள்! அதற்குப் பிறகு குழாய்கள் நீளும், அகலும். புதிதாக ஒரு கிளை முளைப்பதில்லை. நுனியில் இருக்கும் காற்றறைகள் மட்டும் பிறந்த பிறகும் பல ஆண்டுகள் பெருகும். வளர்ந்த மனிதருக்கு அவை ஏறத்தாழ 48 கோடி. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு பேட்மிண்டன் மைதானத்தை மூடப் போதுமான பரப்பு. அவ்வளவையும் இந்தச் சின்ன நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறது உடம்பு!

அப்படியானால் பிள்ளையின் மூச்சு, அம்மா கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட சாப்பாட்டிலும் அவள் சுவாசித்த காற்றிலும் ஆரம்பிக்கிறது. அந்த அம்மா ஒல்லியாக, ரத்த சோகையோடு வளர்ந்தவள் என்றால், கதை பாட்டி காலத்துக்குப் போகிறது. ஒரு பையனுக்கு வீசிங் வந்தால் அவனை மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோமே, அது போதாது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

வாருங்கள், அதே மைசூரிலிருந்து இன்னொன்று. குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் என்று உலகளாவிய ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் ஒன்பது ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஜெய்ப்பூர், புனே, கோட்டயம், கொல்கத்தா என்ற அந்தப் பட்டியலில் மைசூரும் உண்டு. அதில் என்ன சிறப்பு என்றால், பள்ளிப் பிள்ளைகளிடம் கேள்வித்தாளைக் கொடுத்ததோடு விடவில்லை. அவர்களின் பெற்றோரையும் சேர்த்து விசாரித்தார்கள்! மொத்தம் 1,27,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 80,000-க்கும் மேற்பட்டோர் அப்பா அம்மாக்கள். 2022-ல் வெளியான முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சில் விசில் சத்தம் இருப்பவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. கடுமையான அறிகுறி இருந்தவர்களிலேயே 70 சதவீதம் பேருக்குத் தெரியாது. ஆஸ்துமா என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களிலும், தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை!

உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விழுகிறவர்கள் வேறு யாரோ இல்லை. "சளிதான், சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாக்கள், "வயசாச்சு, அதான் இரைக்குது" என்று சொல்லும் பாட்டிகள்.

அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, அப்பாவுக்கு இருந்தால் சுமார் 2.4 மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு 2010-ல் வந்தது. ரத்தம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே ஒரு சாட்சி இருக்கிறது. டிரிஸ்டன் டா குன்ஹா என்ற தீவு. உலகத்திலேயே தனித்துக் கிடக்கும் ஊர் என்று அதைச் சொல்வார்கள். அங்கே இருக்கும் முந்நூறுக்கும் குறைவான மக்களும் முன்பு குடியேறிய வெறும் 15 பேரின் வழி வந்தவர்கள். அந்த ஆதிக் குடியேறிகளில் சிலருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது. இன்று தீவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமாவின் அடையாளம்! டொரண்டோ விஞ்ஞானிகள் அங்கே கப்பலேறிப் போய் ரத்தம் எடுத்து வந்து மரபணுவைத் தேடினார்கள்.

ஆனால் ரத்தம் மட்டும் முடிவு செய்வதில்லை. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகம் ஐரோப்பா, மரபணுவும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குடும்பங்கள் வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவம் வைத்துக் குதிரையால் உழுகிறவர்கள். ஹட்டரைட் மக்கள் தூரத்துப் பெரும் பண்ணைகளில் இயந்திரத்தால் வேலை செய்கிறவர்கள். பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷ் பக்கம் 5 சதவீதம், ஹட்டரைட் பக்கம் 21 சதவீதம்! 2016-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, தொழுவத்துத் தூசியில் இருக்கும் நுண்ணுயிர்கள் குழந்தையின் எதிர்ப்பு சக்தியைச் சிறு வயதிலேயே பழக்குகின்றன என்று. மாட்டுக் கொட்டகை இருந்த நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளாமல் இதைப் படிக்க முடியவில்லை. அதற்காக எந்தத் தூசியும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகை வேறு, தூசி வேறு.

புகை! அங்கேதான் நம் வீட்டு ரகசியம் முழுக்க இருக்கிறது.

ராத்திரி கொசுவுக்காக ஒரு சுருளைக் கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் ஒருவர்கூட புகைப்பதில்லை, பிறகு எப்படி வீசிங் என்று தலையைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோர் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். கொசுவலை கட்டுங்கள். அதற்குப் புகை கிடையாது.

அடுத்து ஊதுபத்தி. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஊதுபத்தியின் மணத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த ஊரின் பழைய மொஹல்லாக்களில் பெண்களின் கை பார்த்த வேலை அது. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதில் எரிந்திருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்து தரும் துகள் 45 மில்லிகிராமுக்கு மேல். சிகரெட்டில் அது 10 மில்லிகிராம் அளவு. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீசிங் உள்ள பிள்ளை படுக்கும் அறையில் ஏற்றாதீர்கள், இரண்டு ஏற்றுகிற இடத்தில் ஒன்று போதும். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாம்பிராணி என்றால் இன்னும் வேகமாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, குழந்தையைப் புகைக்கு மேலே பிடித்து முடியைக் காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அன்பின் உச்சம். பாட்டி அதைச் செய்யும்போது முகத்தைப் பாருங்கள், அவ்வளவு பாசம். ஆனால் சில மாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் எவ்வளவு மெல்லியது! துண்டால் துவட்டினால் முடி காய்ந்துவிடும் பாட்டி, புகை வேண்டாம்.

விறகடுப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுவும் மைசூர்க் கணக்கு. ஒரு பெண் தினமும் எத்தனை மணி நேரம் விறகடுப்பில் சமைக்கிறாள், எத்தனை வருடம் சமைத்தாள், இரண்டையும் பெருக்குங்கள். விடை 60-ஐத் தொட்டால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கான ஆபத்து எல்லைக்குள் அவள் வந்துவிட்டாள்! மைசூர் மாவட்டக் கிராமப் பெண்களை வைத்து ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மகேஷ் குழு 2013-ல் இதை வெளியிட்டது. தினம் மூன்று மணி நேரம், இருபது வருடம். அவ்வளவுதான் 60. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த ஒரு மருமகள் நாற்பதைத் தொடுவதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவாள். இன்று அவள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கலாம். நெஞ்சு பழைய கணக்கை மறப்பதில்லை. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம் ஆகாது.

அப்பாக்களுக்கும் ஒன்று உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசிலி ஸ்வேன்ஸ் குழு வடக்கு ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான பெற்றோரை விசாரித்தது. 15 வயதாகும் முன்பே புகைக்கப் பழகிய ஆண்களின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம்! பிள்ளை பிறக்கும் முன்பே அவர் விட்டுவிட்டிருந்தாலும் கணக்கு மாறவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் தெருமுனையில் ஒளிந்து இழுக்கும் பீடி, இன்னும் பிறக்காத மகளின் நெஞ்சைத் தொடலாம் என்றால், பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையை இனி வேறு கண்ணோடு பார்க்க வேண்டாமா?

நுரையீரல் நோய் ஒரு குடும்பத்தையே சூழ்ந்துகொள்வது மைசூருக்குப் புதிதில்லை. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி இளவரசி கிருஷ்ணஜம்மண்ணி. அவரையும் அவர் மகள்களையும் காசநோய் கொண்டுபோனது. அரண்மனைச் சுவரால் தடுக்க முடியவில்லை. அந்தத் துயரத்திலிருந்து எழுந்ததுதான் கே.ஆர்.எஸ். ரோட்டில் இருக்கும் பி.கே.டி.பி. சானடோரியம். கடைசியில் வரும் 'டி.பி.' நோயைக் குறிக்கிறது, முன்னால் உள்ள 'பி.கே.' அந்த இளவரசியை. காசநோய் காற்றில் பரவும்; ஆஸ்துமா யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. வீசிங் உள்ள பிள்ளையோடு உங்கள் பிள்ளை தாராளமாக விளையாடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே வீட்டில் பலருக்கு இருக்கிறதென்றால், அவர்கள் பகிர்ந்துகொள்வது மரபணுவையும் வீட்டுக் காற்றையும்தான்.

"வளர வளரச் சரியாயிடும்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி இதோ. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 1964-ல் ஏழு வயதுப் பிள்ளைகளைக் குறித்துக்கொண்டு, ஐம்பது வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். சிறு வயதில் கடும் ஆஸ்துமா இருந்தவர்களுக்கு, ஐம்பதில் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வரும் ஆபத்து 32 மடங்கு! நுரையீரலின் திறன் இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். உச்சமே தாழ்ந்துபோனவர்களுக்கு இறக்கம் சீக்கிரம் வலிக்கும். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளை இன்ஹேலரை "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினால் விட்டுவிடாதீர்கள்.

இன்ஹேலர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதை உலகத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பள்ளிச் சிறுமியின் கேள்வி, தெரியுமா? 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவருக்கு ஆஸ்துமா உள்ள 13 வயது மகள். ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி மருந்து இழுப்பது அவளுக்குப் பெரும் தொல்லை. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி இதையும் ஏன் செய்யக்கூடாது என்று அப்பாவைக் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-ல், அழுத்தினால் அளவோடு பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது!

இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் கூடு, அதாவது ஸ்பேசர், வாங்கக் காசில்லையா? அதற்கும் ஒரு வழி பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவர், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் பொருந்துமாறு துளை போட்டுச் செய்த ஸ்பேசர், கடையில் விற்பதற்குச் சளைத்ததல்ல என்று 1999-ல் 'லான்செட்' இதழில் நிரூபித்தார். துளை இறுக்கமாக இருக்க வேண்டும், டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் சின்னப் பிள்ளைக்கு அடிக்கும் பஃப்பில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டி வீணாகிறது.

இன்னும் ஒன்று. இன்ஹேலர் பழகிவிடும், நோஞ்சான் ஆகிவிடும் என்று பயப்படும் அத்தைமார்களுக்கு: ஒலிம்பிக் வீரர்களில் சுமார் 8 சதவீதம் பேர் ஆஸ்துமா உள்ளவர்கள்!

உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது பத்திரமில்லை என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பான ஜினா 2019-ல் பழைய முறையையே மாற்றி எழுதியது. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் கூடவே வேண்டும். டாக்டரிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சரி, ஊதிப் பார்ப்பது எப்படி இருக்கும்? ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பார்கள். மூக்கில் ஒரு கிளிப். வாயில் அட்டைக் குழாய். உதடு இறுக மூட வேண்டும். நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் படாரென்று ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஆறு விநாடி மலைபோல நீளும். கண்ணில் நீர்கூட வரலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் திரையில் பிறந்தநாள் மெழுகுவத்தி எரியும், ஊதி அணைக்க வேண்டும். ஐந்தாறு வயதிலேயே பழகிவிடுவார்கள். பிறகு சில பஃப் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முதல் செகண்டில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், குழாய் சுருங்கி இருந்து இப்போது விரிந்திருக்கிறது என்று அர்த்தம். அது ஆஸ்துமாவைக் கையும் களவுமாகப் பிடிக்கும் தருணம். ஒருமுறை அளவு சரியாக வந்தாலே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரைப்பு வந்து வந்து போவதுதான் ஆஸ்துமாவின் குணம்.

இந்தக் கருவிக்கு வயது எவ்வளவு தெரியுமா? ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846-லேயே ஸ்பைரோமீட்டரை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்துவிட்டார். பி.பி. பார்க்கும் கைப்பட்டைக் கருவியைவிட மூத்தது! ஆனால் ரத்த அழுத்தம் தெரியாத அப்பா நம் ஊரில் இன்று அரிது. தன் மூச்சின் அளவு தெரிந்த அப்பா அதைவிட அரிது.

அடுத்த முறை பிள்ளையை வீசிங்குக்குக் காட்டப் போகும்போது அவனோடு அம்மாவும் போங்கள், அப்பாவும் போங்கள், வருடக்கணக்கில் இருமும் பாட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். தம்பி தங்கைக்கு ராத்திரி இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இரைப்பு உண்டு, பிள்ளை எத்தனை கிலோவில் பிறந்தான், எத்தனை வருடம் விறகடுப்பு என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் மேசையில் வையுங்கள். பிறகு கேளுங்கள்: "டாக்டர், எங்களுக்கும் ஒருமுறை ஊதிப் பார்த்துடலாமா?" பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் நெஞ்சகப் பிரிவில் இந்தச் சோதனை உண்டு. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.